மாநாட்டைச் சுமந்த நகரங்கள்

இந்திய தேசிய காங்கிரஸின் ஆண்டு மாநாடு ஆண்டுக்கு ஓர் ஊரில் கூடியது. ஒரு மாநாடு முடியும் தறுவாயில், அடுத்த ஆண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று ஏதாவது ஒரு மாகாணத்தின் பிரதிநிதிகள் அழைப்பு விடுப்பார்கள். அந்த அழைப்பு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அந்த ஊருக்குப் பொறுப்புகள் வந்து சேரும். உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட வரவேற்புக் குழு அமையும், நன்கொடை திரட்டும், பந்தலுக்கு இடம் தேடும். ஆயிரக்கணக்கான வெளியூர்க்காரர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, குடிநீர், கழிப்பிடம், விளக்கு, வண்டி எல்லாம் ஏற்பாடு செய்தாக வேண்டும். நாலு நாள் கூட்டத்துக்கு நாலு மாதம் ஊர் தயாராகும்.

மாநாடுகளின் வரலாறு பெரும்பாலும் தீர்மானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. யார் தலைமை தாங்கினார், என்ன முடிவானது என்பது பதிவாகியிருக்கும் அளவுக்கு, அந்தக் கூட்டத்தை ஊர் எப்படித் தாங்கியது என்பது பேசப்படவில்லை. ஆனால் காங்கிரஸ் எந்த மாதத்தில் கூடுவது, எங்கே கூடுவது, எத்தனை பேர் கூடுவது, எப்படி உட்காருவது என்பவற்றையெல்லாம் தீர்மானித்ததில் இந்தப் பாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

முதல் மாநாட்டிலேயே இது தொடங்கிவிட்டது. 1885 டிசம்பரில் அது புனேயில் நடப்பதாக இருந்தது. ஏற்பாடுகள் முடிந்த நேரத்தில் அங்கே காலரா தலைகாட்டியது. வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைப்பது ஆபத்து என்று கருதி, கடைசி நேரத்தில் இடம் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரிக் கட்டடத்தில் டிசம்பர் 28 அன்று கூடியவர்கள் 72 பேர். பம்பாய் போன்ற ஒரு துறைமுகப் பட்டணம் 72 விருந்தாளிகளைக் கவனித்திருக்கவே வாய்ப்பில்லை. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. அதிலிருந்து எந்த நகரமும் மாநாட்டைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது. வந்தவர்களில் வக்கீல்கள் அதிகம்; கிறிஸ்துமஸை ஒட்டி நீதிமன்றங்களுக்கு விடுமுறை. பள்ளி, கல்லூரிகளுக்கும் விடுமுறை என்பதால் ஆசிரியர்களும் வர முடிந்தது, கல்லூரிக் கட்டடங்கள் தங்குமிடமாயின, மாணவர்கள் தொண்டர்களாயினர். படித்த வகுப்பின் நாட்காட்டிக்கு ஏற்ற ஏற்பாடு அது. ஏழைகள் வரத் தொடங்கிய பிறகு அதன் குறை வெளிப்பட்டது.

சென்னையின் முறை 1887இல் வந்தது. ஆயிரம்விளக்குப் பக்கத்தில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் பந்தல் போடப்பட்டது. சர் டி. மாதவ ராவ் வரவேற்புக் குழுவின் தலைவர். மாநாட்டுத் தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. பிரதிநிதிகள் 607 பேர். கல்லூரி மண்டபத்தையோ டவுன் ஹாலையோ நம்பாமல், கூட்டத்துக்கென்றே தனிப் பந்தல் எழுப்பும் வழக்கம் இங்கிருந்து வேரூன்றியது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பந்தல் போட்டுப் பழகிய ஊருக்கு அது புதிய வேலை அல்ல.

பணம் திரட்டிய விதம்தான் இந்த மாநாட்டில் குறிப்பிடத்தக்கது. பெரிய மனிதர்களின் நன்கொடையோடு நிற்காமல், ஓரணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்த சுமார் 8,000 பேரிடமிருந்து 5,500 ரூபாய் சேர்ந்தது. ரங்கூன், சிங்கப்பூர் போன்ற கடல் கடந்த ஊர்களிலிருந்தும் பணம் வந்தது. மு. வீரராகவாச்சாரியார் எழுதிய வினாவிடைப் புத்தகம் காங்கிரஸ் என்றால் என்னவென்று சாதாரண மக்களுக்கு விளக்கியது. தஞ்சாவூர்க் கைவினைஞர் ஒருவர் பிரதிநிதியாக வந்து தமிழிலேயே பேசினார். ஓரணா கொடுத்தவனுக்கு அந்தக் கூட்டம் தன் ஊரை அடைத்துக்கொண்ட பாரமாகத் தெரியாது. தன் வீட்டு விசேஷமாகத் தெரியும். அன்றைய கவர்னர் கன்னிமாரா பிரபு பிரதிநிதிகளைத் தம் மாளிகைத் தோட்டத்துக்கு அழைத்து விருந்தும் அளித்தார். அரசும் ஊரும் ஒருசேர வரவேற்ற மாநாடுகளில் அது ஒன்று.

அந்த உறவு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1888இல் அலகாபாத்தில் மாநாடு என்று முடிவானதும், வடமேற்கு மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஆக்லண்டு கால்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குஸ்ரோ பாக் தோட்டத்தில் கூடாரம் போட அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. வேறு இடம் பார்த்தார்கள். அதற்கும் தடை வந்தது. கடைசியில் தர்பங்கா மகாராஜா லட்சுமீசுவர் சிங், லோதர் காஸில் என்ற பெரிய பங்களாவைத் தோட்டத்தோடு விலைக்கு வாங்கி மாநாட்டுக்குக் கொடுத்தார். ஜார்ஜ் யூல் தலைமையில் அங்கே கூடிய பிரதிநிதிகள் 1,248 பேர். முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்கு. பொது மைதானம் யாருடையது, அங்கே கூடும் உரிமையை யார் தருவது என்ற கேள்வி இந்திய அரசியலில் எழுந்த முதல் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. நகரத்துக்கு இடையூறு என்ற காரணம், பிடிக்காத கூட்டத்தைத் தடுக்க அரசின் கையில் எப்போதும் ஆயத்தமாக இருந்தது.

1889இல் பம்பாயில் பிரதிநிதிகளின் தொகை, ஆண்டின் எண்ணோடு பொருந்தி 1,889 ஆயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் பிராட்லா வந்திருந்ததால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மிகுதி. இந்த வேகத்தில் போனால் எந்த ஊரும் தாங்காது என்ற அச்சம் அங்கேயே பிறந்தது. பத்து லட்சம் மக்களுக்கு ஐந்து பிரதிநிதிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு பிரதிநிதிகளைக் குறைத்தது, பார்வையாளர்களைக் குறைக்கவில்லை.

கூட்டம் ஊரை எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்பதற்கு 1901 கல்கத்தா மாநாட்டைப் பற்றி காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கும் பகுதியை விடத் தெளிவான சாட்சி இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த அவருக்கு அது முதல் காங்கிரஸ். ரிப்பன் கல்லூரியில் தங்கினார். திலகரும் அதே பகுதியில்தான் தங்கியிருந்தார். கல்லூரிக் கட்டடம் பாடம் நடத்தக் கட்டியது. நூற்றுக்கணக்கானவர்கள் இரவும் பகலும் குடியிருக்கக் கட்டியதல்ல. கழிப்பிடங்கள் மிகச் சில. அவை நிரம்பி வழிந்தன. நாற்றம் தாங்க முடியவில்லை. தொண்டர்களிடம் சொன்னபோது, அது தோட்டியின் வேலை என்றார்கள். காந்தி துடைப்பம் கேட்டார். கேட்டதைப் பார்த்து ஒரு தொண்டர் திகைத்தார். பிறகு காந்தி தாமே ஒன்றைத் தேடிப் பிடித்துத் தம் பயன்பாட்டுக்கான இடத்தைச் சுத்தம் செய்துகொண்டார். மற்ற இடங்கள் அப்படியே கிடந்தன. இரவில் சிலர் தங்கியிருந்த அறையின் தாழ்வாரத்தையே கழிப்பிடமாக்கினார்கள். காலையில் அதைக் காட்டியபோதும் சுத்தம் செய்ய ஆள் இல்லை. மாநாடு இன்னும் சில நாள் நீண்டிருந்தால் தொற்றுநோய் பரவ ஏற்ற நிலை உருவாகியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

அதே மாநாட்டில் தமிழ்ப் பிரதிநிதிகளின் சமையலறை தனியாக, மற்றவர்களுடையதிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. பிறர் கண்ணில் பட்டால் சாப்பாடு தீட்டு என்று கருதியவர்களுக்காக, கல்லூரி வளாகத்துக்குள் தட்டி அடைத்துத் தனிச் சமையல்கட்டு ஒன்று எழுப்பப்பட்டது. சமைப்பது, சாப்பிடுவது, கை கழுவுவது எல்லாம் அந்த அடைப்புக்குள்ளேயே. புகை வெளியேற வழி இல்லை. தேச ஒற்றுமையைப் பேச வந்தவர்களே இப்படி என்றால் அவர்களை அனுப்பிய ஊர்களில் நிலைமை எப்படி இருக்கும் என்று காந்தி வருந்தினார். தமிழ் வாசகர்களுக்கு உவப்பான செய்தி அல்ல. ஆனால் மறைக்க வேண்டிய செய்தியும் அல்ல. விருந்தாளிகளைக் கவனிப்பது என்றால் கல்கத்தா வரவேற்புக் குழுவுக்கு ஒரே சமையல், ஒரே பந்தி என்று அமையவில்லை. சாதிக்கும் மாகாணத்துக்கும் தக்கபடி பல அடுப்புகள், பல சமையல்காரர்கள், பல தண்ணீர்த் தொட்டிகள் என்று செலவும் உழைப்பும் பெருகின.

கல்கத்தாவில் காந்தி கண்டது பின்னாளில் மாநாடுகளின் அமைப்பையே மாற்றியது. காங்கிரஸ் அவர் கைக்கு வந்த பிறகு முதலில் கவனித்தவற்றில் கழிப்பிடமும் ஒன்று.

அதற்கு முன் சூரத் வந்தது. 1907 மாநாடு நாகபுரியில் நடக்க வேண்டியது. அங்கே திலகரின் ஆதரவாளர்கள் வலுவாக இருந்ததால், அவரை எதிர்த்த மிதவாதிகள் தங்கள் கோட்டையான சூரத்துக்கு மாற்றினார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வ.உ. சிதம்பரம் பிள்ளை, பாரதி உள்ளிட்டோர் போனார்கள். ராஷ்பிகாரி கோஷைத் தலைவராக முன்மொழிந்தபோது கிளம்பிய சச்சரவில் மேடையை நோக்கி ஒரு செருப்பு பறந்தது; நாற்காலிகள் பறந்தன; தடிகள் வெளிவந்தன. இறுதியில் போலீஸ் நுழைந்து பந்தலைக் காலி செய்தது. அமைதியான வணிக நகரம், தனக்குச் சம்பந்தமில்லாத சண்டை ஒன்றுக்கு வீடு கொடுத்த பெயரைச் சுமந்தது. சூரத் என்றாலே பிளவு என்று இன்றும் பாடநூல்கள் சொல்கின்றன. ஊரைத் தேர்ந்தெடுப்பதே கட்சிக்குள் நடக்கும் போரின் ஒரு பகுதி என்பதும் அங்கே பட்டவர்த்தனமாயிற்று.

பந்தலுக்கு வெளியே ஊரை அதிகம் உலுக்கியது தலைவரின் ஊர்வலம். ரயில் நிலையத்திலிருந்து தங்குமிடம் வரை, கடைத்தெரு வழியாக, வாத்தியங்களோடு அழைத்துப் போவது வழக்கம். கடைகள் அடைக்கும், வண்டிகள் நிற்கும். எல்லாரும் இதை விரும்பியதில்லை. 1916இல் லக்னோவுக்குத் திலகர் வந்தபோது, நகருக்குள் ஊர்வலம் வேண்டாம், மோட்டாரில் நேராக அழைத்துச் செல்லலாம் என்று வரவேற்புக் குழுவினர் நினைத்தார்கள். இளைஞர்கள் காரின் முன்னே படுத்துவிட்டார்கள். பிறகு குதிரை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துக்கொண்டு நகரைச் சுற்றினார்கள். அவர்களில் ஒருவர் ராம் பிரசாத் பிஸ்மில். இதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1926இல் குவாஹாத்தியில் மாநாட்டுத் தலைவர் எஸ். சீனிவாச ஐயங்காரை யானை ஊர்வலத்தில் அழைத்துவர ஏற்பாடு நடந்தது. சுவாமி சிரத்தானந்தர் கொலையுண்ட செய்தி வந்ததால் அது கைவிடப்பட்டது.

சிரத்தானந்தரின் பெயர் இன்னொரு மாநாட்டோடும் சேர்ந்தது. 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாகில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் அமிருதசரஸில் மாநாடு. அந்த ஊர் ராணுவச் சட்டத்தின் கீழ் சவுக்கடியும் தவழ்ந்து செல்லும் தண்டனையும் அனுபவித்திருந்தது. உள்ளூர்த் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். சிரத்தானந்தர் வரவேற்புக் குழுவின் தலைமையை ஏற்றார். பிரதிநிதிகள் மட்டும் சுமார் ஏழாயிரம் பேர். மாநாடு தொடங்கும் சமயத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. கூடாரங்களில் தண்ணீர் புகுந்தது. குளிர்காலப் பஞ்சாப் மழை எலும்பைத் துளைப்பது. வந்தவர்களை உங்கள் வீட்டில் தங்க வையுங்கள் என்று சிரத்தானந்தர் ஊராரிடம் கேட்டுக்கொண்டார், வீடுகள் திறந்தன. எட்டு மாதங்களுக்கு முன் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம், முன்பின் அறியாதவர்களுக்குப் பாயும் போர்வையும் கொடுத்தது. மாநாடுகளின் நீண்ட வரலாற்றில் விருந்தோம்பலுக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை என்றே சொல்ல வேண்டும்.

1920இல் நாகபுரி. சேலம் விஜயராகவாச்சாரியார் தலைவர். ஒத்துழையாமை இயக்கத்தை உறுதி செய்த மாநாடு அது. பிரதிநிதிகள் 14,582 பேர். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பிரதிநிதிகள் வந்ததில்லை. பதினாலாயிரம் பேரை வைத்துக்கொண்டு விவாதம் நடத்த முடியாது. எந்த நடுத்தர நகரமும் அவர்களுக்குச் சோறு போட்டுத் தண்ணீர் கொடுக்க முடியாது. அங்கே நிறைவேறிய புதிய அமைப்புச் சட்டம், ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்று வரம்பு கட்டியது. எண்ணிக்கை ஆறாயிரத்துக்குள் அடங்கியது.

அடுத்த ஆண்டு அகமதாபாத்தில் வல்லபபாய் படேல் வரவேற்புக் குழுவின் தலைவர். கல்லூரிகளையும் பங்களாக்களையும் நம்பாமல், கதர்த் துணியாலான கூடாரங்களைக் கொண்டு தனி நகரம் அமைக்கப்பட்டது. நாற்காலி, பெஞ்சுகள் நீக்கப்பட்டன. எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். இதில் கொள்கை இருந்தது, கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து, ஏற்றி, இறக்கி, திருப்பித் தருவது வரவேற்புக் குழுவின் பெருஞ்செலவுகளில் ஒன்று. தரையில் உட்கார்ந்தால் அதே பந்தலில் இன்னும் பலர் அடங்குவார்கள். கோட்டு சூட்டு அணிந்த வக்கீல்களின் கூட்டம் கதர் வேட்டிக் கூட்டமாக மாறியதைப் பந்தலின் தரையே காட்டியது.

தொண்டர் படையும் அந்தச் சமயத்தில்தான் ஒழுங்குக்கு வந்தது. கல்கத்தாவில் காந்தி கண்ட தொண்டர்கள், ஒரு வேலையைச் சொன்னால் அடுத்தவரிடம் தள்ளினார்கள். அவர் இன்னொருவரிடம் தள்ளினார். ஆண்டுக்கு மூன்று நாள் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி எங்கிருந்து வரும்? 1923 காக்கிநாடா மாநாட்டில், டாக்டர் என்.எஸ். ஹர்டிகரின் முயற்சியால் இந்துஸ்தானி சேவா தளம் பிறந்தது. அந்தக் காக்கிநாடாவில் நடந்த கதர்க் கண்காட்சியின் வாயிலில், சீட்டு இல்லாமல் வந்த ஜவஹர்லால் நேருவைத் தொண்டரான ஒரு சிறுமி உள்ளே விடவில்லை. சீட்டு வாங்கிய பிறகே விட்டாள். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற துர்காபாய் தேஷ்முக் அவர்தான்.

1924 பெல்காம் மாநாடு மட்டுமே காந்தி தலைமை தாங்கியது. சிறிய ஊர்; கங்காதரராவ் தேஷ்பாண்டே முன்னின்று ஏற்பாடு செய்தார். முகாமுக்கு விஜயநகர் என்று பெயர்; நுழைவாயில் ஹம்பிக் கோபுரத்தின் சாயலில் எழுந்தது. அங்கே பெரிய கவலை தண்ணீர். ஊரின் நீர் ஊருக்கே போதாத நிலையில், மாநாட்டுக்கென்று புதிதாகப் பெரிய கிணறு வெட்டினார்கள். பம்பா சரோவர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுகாதாரப் பணியைக் காகா காலேல்கர் ஏற்றார். அவருடைய தொண்டர்களில் பிராமண இளைஞர்கள் பலர் இருந்தார்கள். கழிப்பிடங்களை அவர்களே சுத்தம் செய்தார்கள். 1901இல் துடைப்பம் கேட்டவரைப் பார்த்துத் தொண்டர் திகைத்ததிலிருந்து இதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

சென்னை 1887க்குப் பிறகு 1894, 1898, 1903, 1908, 1914 ஆகிய ஆண்டுகளிலும் மாநாட்டை வரவேற்றது. 1914இல் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு பந்தலுக்கே வந்தார். ஏழாம் முறையாக 1927இல் மாநாடு வந்தபோது, எழும்பூரை ஒட்டிய ஸ்பர் டாங்க் திடலில் பந்தல் எழுந்தது. டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைவர், வரவேற்புக் குழுவின் தலைவர் சி.என். முத்துரங்க முதலியார். சைமன் குழுவைப் புறக்கணிக்க முடிவானது இங்கேதான். பகலெல்லாம் தீர்மானம் பேசிவிட்டு மாலையில் சும்மா இருக்கும் ஆயிரக்கணக்கான விருந்தாளிகளுக்கு ஊர் ஏதாவது காட்டியாக வேண்டும். கண்காட்சி நடந்தது, அதோடு சேர்த்து அனைத்திந்திய இசை மாநாடும் நடந்தது.

அடுத்த ஆண்டு கல்கத்தாவின் பார்க் சர்க்கஸில் கூடிய மாநாடு ஆடம்பரத்தில் எல்லாவற்றையும் மிஞ்சியது. தலைவர் மோதிலால் நேருவைப் பல குதிரைகள் பூட்டிய வண்டியில் அழைத்துப் போனார்கள். சுபாஷ் சந்திர போஸ் ராணுவச் சீருடை அணிந்து தொண்டர் படைக்குத் தளபதியாக நின்றார். இவ்வளவு கட்டுக்கோப்பான ஏற்பாட்டையும் மீறி, ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து வந்து பந்தலுக்குள் நுழைந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம் பந்தல் அவர்கள் வசம் இருந்தது. தங்கள் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுக் கலைந்தார்கள். மாநாட்டால் நகரம் குலைவதைத்தான் அதுவரை கண்டார்கள். கல்கத்தாவில் நகரம் மாநாட்டுக்குள் புகுந்தது.

1929 லாகூர் மாநாடு ராவி நதிக்கரையில், லஜபதி நகர் என்று பெயரிட்ட கூடார நகரில் நடந்தது. தலைவர் ஜவஹர்லால் வெள்ளைக் குதிரையில் ஊர்வலமாக வந்தார். டிசம்பர் 31 நள்ளிரவில் மூவர்ணக் கொடி ஏறியது. பஞ்சாபின் கடுங்குளிரில், ஆற்றங்கரைக் கூடாரங்களில், போதிய போர்வை இல்லாத கிராமத்துப் பிரதிநிதிகள் நடுங்கினார்கள். கம்பளிக் கோட்டு வைத்திருந்த வக்கீல்களுக்காக ஏற்பட்ட டிசம்பர் வழக்கம் இவர்களுக்குப் பொருந்தவில்லை. இனி பிப்ரவரி, மார்ச்சில் கூடலாம் என்று லாகூரிலேயே முடிவானது. 1931 மார்ச்சில் கராச்சி மாநாடு பந்தலே இல்லாமல் திறந்த வெளியில் நடந்தது.

பிறகு இரண்டு ஆண்டுகள் அரசே தடை போட்டது. 1932 ஏப்ரலில் டில்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டின் அடியில் பிரதிநிதிகள் திடீரென்று கூடி, போலீஸ் வருவதற்குள் தீர்மானங்களைப் படித்தார்கள். தலைமை தாங்க வேண்டிய மாளவியா முன்பே கைதாகிவிட்டார். மறு ஆண்டு கல்கத்தாவிலும் அதே கதை. நெல்லி சென்குப்தா தலைமை தாங்கினார். மாநாடு நடந்தது சில நிமிடம். ஆனால் வருபவர்களைப் பிடிக்க ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் போலீஸ் நிறைந்தது. அந்த ஆண்டுகளில் ஊரின் நடமாட்டத்தை முடக்கியது மாநாடு அல்ல, தடை.

1934இல் பம்பாயில் அமைப்புச் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. பிரதிநிதிகள் 2,000 பேருக்கு மேல் கூடாது. அவர்களில் 1,489 பேர் கிராமப் பகுதியிலிருந்தும் 511 பேர் நகரங்களிலிருந்தும் வர வேண்டும். கிராமத்தார் பெரும்பான்மை என்றால் மாநாடு ஏன் நகரத்தில் நடக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து வந்தது. காந்தியின் விருப்பப்படி 1936 டிசம்பரில் இன்றைய மராட்டிய மாநிலத்தின் காந்தேஷ் பகுதியில் ஃபைஸ்பூர் என்ற ஊரில் முதல் கிராம மாநாடு கூடியது. சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ், மூங்கிலையும் அந்த வட்டாரத்தில் கிடைத்த பொருள்களையும் கொண்டே வாயில்களையும் மண்டபத்தையும் வடிவமைத்தார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மக்கள் திரண்டார்கள். நகரத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட யோசனை, அதே பாரத்தைக் கிணறும் சாலையும் குறைந்த ஓரிடத்துக்கு மாற்றியது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். இல்லாத நகரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

1938இல் குஜராத்தின் ஹரிபுராவில், தபதி நதிக்கரையில் விட்டல் நகர் எழுந்தது. அது ஐம்பத்தோராவது மாநாடு என்பதால் 51 வாயில்கள். தலைவர் சுபாஷ் போஸை ஏற்றிய ரதத்துக்கு 51 காளைகள். வாயில்களை அலங்கரிக்க நந்தலால் வரைந்த சித்திரங்கள் இந்தியக் கலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. செலவைப் பார்த்துக் காந்தி மகிழவில்லை. கிராம மாநாடு எளிமையாக நடக்க வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். 1939இல் ஜபல்பூர் அருகே திரிபுரியில் 52 யானைகள் அணிவகுத்தன. தலைவர் போஸ் காய்ச்சலில் படுத்திருந்ததால் அவர் படத்தை வைத்து ஊர்வலம் போனார்கள். 1940 மார்ச்சில் பீகாரின் ராம்கரில் பெருமழை கொட்டித் திடல் குளமாயிற்று. மௌலானா ஆசாத் தலைமையில் அவசர அவசரமாகத் தீர்மானத்தை முடித்தார்கள். அமிருதசரஸில் மழை பெய்தபோது ஒதுங்க வீடுகள் இருந்தன. ராம்கரில் இல்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் ஆளும் கட்சி ஆனதும் நிலைமை தலைகீழானது. இடம் மறுக்க ஆள் இல்லை. அரசு இயந்திரமே முதலமைச்சரின் கண்காணிப்பில் அருகில் நின்றது. 1955 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, யு.என். தேபர் தலைமையில் மாநாடு சென்னைக்கு வந்தது. நகருக்குள் வரவில்லை, மேற்கே ஆவடியில் சத்தியமூர்த்தி நகர் என்ற பெயரில் முகாம் அமைந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தால் அந்த ஊர்ப் பெயர் நாடெங்கும் தெரிந்தது. நகரத்தின் வசதியும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கூட்டம் நகரத்தின் நடுவே உட்காரக் கூடாது என்ற சமரசம் ஆவடியில் நன்றாகப் பொருந்தியது. புறநகர் எல்லா ஆபத்துக்கும் மருந்தல்ல. 1969 ஏப்ரலில் டில்லிக்கு வெளியே ஃபரீதாபாத்தில் நடந்த மாநாட்டில் பந்தல் தீப்பிடித்து எரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பெரும்பாலான ஊர்களில் மிஞ்சியது மிதிபட்ட மைதானமும் வரவேற்புக் குழுவின் கணக்குப் புத்தகமும்தான். சில ஊர்களில் கூடுதலாகச் சில தங்கின. கல்கத்தா பார்க் சர்க்கஸில் 1928 கண்காட்சியின் நினைவாகக் காங்கிரஸ் எக்ஸிபிஷன் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. பெல்காமில் வெட்டிய கிணறு திலக்வாடியில் காங்கிரஸ் கிணறு என்ற பெயரோடு நிற்கிறது. மாநாட்டின் நூற்றாண்டை 2024 டிசம்பரில் அந்த ஊரிலேயே கொண்டாடினார்கள்.

சென்னைக்குக் கிடைத்தது இவற்றைவிடப் பெரியது. 1927 பந்தலை ஒட்டி நடந்த இசை மாநாட்டில், சங்கீதத்துக்கென்று நிலையான ஓர் அமைப்பு வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1928 ஆகஸ்ட் 18 அன்று சி.பி. ராமசுவாமி ஐயர் மியூசிக் அகாடமியைத் தொடங்கிவைத்தார். ஆண்டு மாநாட்டைத் தொடர்ந்து நடத்திய அகாடமி, நாளடைவில் அதை டிசம்பரில் நிலைநிறுத்தியது. மற்ற சபாக்களும் அதைப் பின்பற்றின. காங்கிரஸ் 1929இலேயே டிசம்பர் வழக்கத்தை விட முடிவு செய்தது. சென்னையின் சங்கீத சீசன் இன்றும் டிசம்பரில்தான் நடக்கிறது.